பழைய புல்லட்டின் செயின்

பழைய மோட்டார் சைக்கிள்களைத் தேடிப் பிடித்துப் புதுப்பித்து ஓட்டும் ஆர்வம் நம் நகரங்களில் வளர்ந்து வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் பெட்ரோல் டாங்கியின் வர்ணத்துக்கும் சைலன்ஸரின் பளபளப்புக்கும் ஆசனத்தின் உறைக்கும் தாராளமாகச் செலவு செய்கிற அன்பர்களில் பலர், எஞ்சினில் பிறக்கும் சக்தி முழுவதையும் பின் சக்கரத்துக்குக் கொண்டு சேர்க்கிற செயினை மட்டும், எல்லா வேலையும் முடிந்த பிறகு, கையில் மிஞ்சிய பணத்துக்குக் கிடைத்ததைப் பார்த்து வாங்கி மாட்டிவிடுகிறார்கள். சிலர் அதையும் செய்வதில்லை. முந்தைய சொந்தக்காரர் விட்டுச் சென்ற செயின் ஓடுகிற வரையில் ஓடட்டும் என்று இருந்துவிடுகிறார்கள். இந்த வழக்கம் மாற வேண்டும் என்பதும், பழைய வண்டியில் செயினைக் காலம் தாழ்த்தாமல், அது கெட்டுப்போவதற்கு முன்பே மாற்றிவிடுவதுதான் சிக்கனம் என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

நம்மிடையே மிகுதியாக உள்ள பழைய வண்டியையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்தில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனி, 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தியது. பிறகு ரெட்டிச்சில் உற்பத்தி நின்றுபோன பின்னும், வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட புல்லட், திருவொற்றியூர் ஆலையில் அடிப்படை அமைப்பு அதிகம் மாறாமல் பல பத்தாண்டுகள் தயாராகிவந்தது. அந்த அமைப்பில் இரண்டு செயின்கள் உண்டு. எஞ்சினிலிருந்து கிளட்சுக்குப் போகும் முதல் செயின் மூடிய பெட்டிக்குள் எண்ணெயில் நனைந்தபடியே ஓடுவதால், எண்ணெயின் அளவைக் கவனித்துவந்தால் அதனால் அதிகத் தொல்லை இல்லை. கியர் பாக்ஸிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் செயினோ, மழையிலும் புழுதியிலும், கடற்கரைச் சாலையென்றால் உப்புக் காற்றிலும், அரைகுறை மறைப்போடு ஓட வேண்டியிருக்கிறது.

இவ்வகைச் செயினுக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தவர் ஸ்விட்சர்லாந்தில் பிறந்து மான்செஸ்டரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்டு என்பவர். 1880-ல் அவர் செய்த உபாயம் எளிமையானது, ஆனால் அபாரமானது. அதற்கு முன் இருந்த செயின்களில் ஆணியின் பாரத்தை மெல்லிய தகட்டின் விளிம்பு மட்டுமே தாங்கியதால், இரண்டும் விரைவில் அரித்துப்போயின. ரெனால்டு, இரு தகடுகளுக்கு இடையே ஒரு புஷ்ஷைப் பொருத்தி, ஆணி அந்தப் புஷ்ஷின் நீளம் முழுவதிலும் அமர்ந்து திரும்பும்படியும், புஷ்ஷின் மேல் ஓர் உருளை சுழன்று பற்சக்கரத்தின் பல்லோடு உராயாமல் உருண்டு போகும்படியும் செய்தார். செயின் தேய்கிற இடம், ஆகையால், கண்ணுக்குத் தெரிகிற உருளையைவிட முக்கியமாக, கண்ணுக்குத் தெரியாத அந்த ஆணியும் புஷ்ஷுமே. செயின் நீண்டு தொங்குவதற்குக் காரணம் எஃகுத் தகடுகள் இழுபட்டு நீள்வதல்ல. ஒவ்வொரு மூட்டிலும் ஏற்படும் சொற்பத் தேய்மானம் கூடிக்கொண்டே வருவதுதான். மூட்டுக்கு 0.16 மில்லிமீட்டர் தேய்ந்தால், 100 கண்ணிகள் கொண்ட செயின் 16 மில்லிமீட்டர் நீண்டுவிடும்.

அந்த மூட்டுகள் படும் பாட்டை ஒரு சிறு கணக்கால் அறியலாம். புல்லட்டின் பின் பற்சக்கரத்துக்கு 38 பற்கள். செயினுக்குச் சுமார் 100 கண்ணிகள். வண்டி ஒரு கிலோமீட்டர் போவதற்குள் செயின் ஏறத்தாழ 180 முறை முழுச் சுற்று வருகிறது. ஒரு சுற்றில் ஒவ்வொரு மூட்டும் இரண்டு பற்சக்கரங்களிலும் ஏறும்போது மடங்கி, இறங்கும்போது நிமிர்கிறது. ஆகக் கிலோமீட்டருக்கு 700 அசைவுகளுக்கு மேல். சென்னையிலிருந்து மகாபலிபுரம் போய்ச் சேர்வதற்குள் ஒரு மூட்டு நாற்பதாயிரம் முறைக்குக் குறையாமல், எஞ்சினின் இழுப்பையும் தாங்கிக்கொண்டு அசைந்திருக்கும். அந்த இடத்தில் எண்ணெய் இருந்தால் ஒரு கதை, மணல் இருந்தால் வேறு கதை.

இனி, முன்கூட்டியே மாற்றுவது சிக்கனம் என்று நான் சொன்னதற்கான காரணத்துக்கு வருகிறேன். இக்காலத்து மோட்டார் சைக்கிள்களில் செயினும், ஸ்ப்ராக்கெட் எனப்படும் இரு பற்சக்கரங்களும் ஒரே செட்டாக வருகின்றன. மூன்றையும் ஒரு முற்பகலுக்குள் மாற்றிவிடலாம். பழைய புல்லட்டில் அப்படி அல்ல. அதன் முன் ஸ்ப்ராக்கெட் கிளட்சுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அதைத் தொட வேண்டுமானால் முதல் செயினின் பெட்டியைத் திறந்து, எண்ணெயை வடித்து, கிளட்சைக் கழற்றி, உட்புறத் தகட்டையும் எடுத்தாக வேண்டும். பின் பற்சக்கரமோ தனிப்பொருளே அல்ல. பிரேக் டிரம்மோடு ஒன்றாக வார்க்கப்பட்டது. பற்கள் தேய்ந்தால் டிரம்மையே மாற்ற வேண்டும். டிரம்மை மாற்றினால் பிரேக் கட்டைகளும் அதற்கேற்பப் பொருந்தி அமர வேண்டும். இவ்வளவு சிரமம் இருப்பதனாலேயே, செயின் தொங்கிச் சத்தமிடத் தொடங்கியதும், பட்டறையில் புதுச் செயினை மட்டும் மாட்டி அனுப்பிவிடுகிறார்கள். கொக்கியாக வளைந்துபோன பழைய பற்களின் மேல் புதுச் செயின் சரியாக அமராது; தேய்ந்த செயினின் அளவுக்குத் தம்மை மாற்றிக்கொண்ட பற்கள், புதுச் செயினையும் விரைவில் அதே அளவுக்கு இழுத்துக் கெடுத்துவிடும். இந்த மூன்று பொருள்களில் மலிவானதும் மாற்ற எளிதானதும் செயின்தான். அதைச் சற்று முன்னதாகவே தியாகம் செய்தால், அருமையான மற்ற இரண்டும் பல்லாண்டு நிலைக்கும். அதைக் கடைசி வரை ஓட்டினால் மூன்றும் போகும்.

எப்போது மாற்றுவது என்பதற்கு ஊகம் வேண்டியதில்லை. ஓர் எஃகு அளவுகோல் போதும். புல்லட்டின் பின் செயினுக்குப் பிட்ச், அதாவது ஓர் ஆணியின் மையத்திலிருந்து அடுத்த ஆணியின் மையம் வரையுள்ள தூரம், 5/8 அங்குலம். செயினை நன்றாகத் துடைத்து, விறைப்பாக இழுத்துப் பிடித்து, 20 பிட்ச்களை அளந்தால் புதுச் செயினில் 12½ அங்குலம், அதாவது 317.5 மில்லிமீட்டர் இருக்கும். அதுவே 12¾ அங்குலமானால் 2 சதவீதம் நீண்டுவிட்டது. பழைய முறைப்படி அதுதான் கடைசி எல்லை. டிரம்மையும் முன் ஸ்ப்ராக்கெட்டையும் காப்பாற்ற விரும்புகிறவர் 321 மில்லிமீட்டரைத் தொட்டதுமே மாற்றிவிடுவது உத்தமம் என்பேன். ஒரே இடத்தில் அளந்து திருப்தி அடையாமல் மூன்று நான்கு இடங்களில் அளக்க வேண்டும்; ஏனெனில் செயின் எங்கும் சமமாகத் தேய்வதில்லை.

இந்த இடத்தில், நம் பட்டறைகளில் சர்வ சாதாரணமாக நடக்கும் ஒரு காரியத்தைக் கண்டிக்காமல் இருக்க முடியவில்லை. செயின் தொங்குகிறது, சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளவும் இனி இடமில்லை என்றதும், இரண்டு கண்ணிகளைத் தட்டி எடுத்துவிட்டு மறுபடி மாட்டிக் கொடுக்கிறார்கள். தொங்கல் போய்விடுவதால் வண்டிக்காரருக்கும் மகிழ்ச்சி. ஆனால் மிஞ்சியுள்ள ஒவ்வொரு மூட்டும் முன்போலவே தேய்ந்துதான் இருக்கிறது. நீண்ட பிட்ச் கொண்ட அந்தச் செயின் பற்களின் அடிப்பள்ளத்தில் அமராமல் மேலேறி மேலேறிப் பற்களை அரித்துக்கொண்டே போகும். கண்ணியை எடுக்க வேண்டிய நிலைக்கு வந்த செயின், மாற்ற வேண்டிய காலத்தை எப்போதோ கடந்த செயின்.

தேர்ந்தெடுக்கும்போது, பெட்டியின் மேலுள்ள எண்ணைப் படிக்கத் தெரிந்திருப்பது பிரயோஜனமானது. 520, 530 என்பவற்றில் முதல் இலக்கம் பிட்ச் எத்தனை எட்டில் ஒரு பாக அங்குலம் என்பதைக் காட்டுகிறது. இரண்டிலும் அது 5/8. அடுத்த இரண்டு இலக்கங்கள் உள் அகலத்தைக் குறிப்பவை: 520-க்கு 1/4 அங்குலம், 530-க்கு 3/8. கடைக்காரர் சொல்லும் மாடல் பெயரை மட்டும் நம்பாமல், சொந்த வண்டியின் பல்லின் தடிப்பை அளந்து, பழைய செயினின் கண்ணிகளையும் எண்ணிக்கொண்டு போவதே சரியான வழி; கைமாறிக் கைமாறி வந்த வண்டியில் யார் எதை மாற்றினார்கள் என்பதற்கு நிச்சயம் கிடையாது. கண்ணிகள் இரட்டைப்படையாக அமைவது நல்லது. ஒற்றைப்படைக்காகச் சேர்க்கப்படும் வளைந்த அரைக்கண்ணி எப்போதும் பலவீனமான இடம்.

ரப்பர் வளையங்களால் மூட்டுகளுக்குள்ளேயே கிரீஸை அடைத்து வைத்திருக்கும் ஓ ரிங் செயினைப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். புது வண்டிகளுக்கு அது பெரிய வரப்பிரசாதம் என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் வளையங்களுக்கு இடம் வேண்டியிருப்பதால் அதன் மொத்த அகலம் அதிகம். சாதாரணச் செயினை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்ட பழைய வண்டியில், எஞ்சின் பக்கத்துப் பெட்டியையோ செயின் கவரையோ அது உரசக்கூடும். மாட்டிப் பார்த்து, சக்கரத்தைச் சுற்றி, எங்கும் படவில்லை என்று உறுதியானால் போடுவதில் தவறில்லை. என் சிபாரிசு நல்ல தரமுள்ள சாதாரண உருளைச் செயினுக்கே. கோயம்புத்தூரின் ரோலான் செயின்களும் அம்பத்தூரின் டைமண்ட் செயின்களும் நம் மாநிலத்திலேயே தயாராகின்றன. நல்ல செயினுக்குக் கடல் கடந்து போக வேண்டிய அவசியம் நமக்கில்லை. செயினை இணைக்கும் லாக்கைப் பொருத்தும்போது, அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் எதிலாவது இடறி லாக் கழன்றுவிடும். ஓடுகிற வண்டியில் கழன்ற செயின் எஞ்சின் பெட்டியையே உடைத்துவிடக் கூடும்.

எண்ணெய் விஷயத்தில் நாம் காட்டும் அலட்சியம் வருத்தம் தருவது. எஞ்சினிலிருந்து வடித்த கழிவு எண்ணெயைச் செயினில் ஊற்றினால் போதும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அந்த எண்ணெயில் உலோகத் துகளும் கரியும் கலந்திருக்கின்றன. மூட்டுக்குள் போனால் அவை வால்வு தேய்க்கும் பசையின் வேலையையே செய்யும். மண்ணெண்ணெயில் நனைத்த தூரிகையால் அழுக்கை நீக்கி, உலர்ந்த துணியால் துடைத்து, 90 நம்பர் கியர் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக, செயினின் கீழ் ஓட்டத்தில், உட்புறமாக, தகடுகள் சந்திக்கும் இடுக்குகளில் விட வேண்டும். அங்கே விட்டால்தான், செயின் சுழலும்போது எண்ணெய் உள்ளிருந்து வெளியே பரவி ஆணி வரை சேரும். மேற்புறத்தில் பூசியது டயரிலும் கால்சட்டையிலும் தெறிக்கும். பிரயாணம் முடிந்து செயின் சற்றுச் சூடாக இருக்கும்போது விடுவது விசேஷம். சிறிது நேரம் ஊறவிட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிட வேண்டும். இத்தனையும் எஞ்சினை நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றியே செய்ய வேண்டும். கியரில் ஓடவிட்டுத் துணியைப் பிடித்துத் துடைத்துத் தங்கள் விரலை இழந்த தொழிலாளிகள் உண்டு. ஐந்து நிமிஷ சௌகரியத்துக்குக் கொடுக்கத் தகுந்த விலையல்ல அது.

விறைப்பைச் சரி செய்யும்போது சக்கரத்தை மெல்லச் சுற்றி, செயின் எங்கே அதிகம் இறுகுகிறதோ அங்கேதான் அளவைப் பார்க்க வேண்டும். கீழ் ஓட்டத்தின் நடுவில் 25 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் இருப்பது சரி. ஆட்கள் ஏறி அமர்ந்து பின் சக்கரம் மேலெழும்போது செயின் இன்னும் இறுகும் என்பதால், அப்போதும் கொஞ்சம் தளர்வு மிஞ்ச வேண்டும். தொங்கலைவிட அதிக இறுக்கம் கெடுதல். அது கியர் பாக்ஸின் பேரிங்குகளைத் தின்றுவிடும். புல்லட்டில் அச்சின் இரு முனைகளிலும் படிப்படியாக விரியும் வெட்டுகள் கொண்ட காம் தகடுகள் இருப்பதால், இரு பக்கமும் ஒரே வெட்டு எண்ணில் நிறுத்திச் சக்கரத்தை நேராக வைக்கலாம். அச்சு நகர்ந்தால் பின் பிரேக்கின் அளவும் மாறும். அதைச் சரிபார்க்காமல் வண்டியைச் சாலைக்கு எடுத்துச் செல்லவே கூடாது.

இன்னும் ஒன்று. அழகுக்காகச் செயின் கவரையும், பின் சக்கரத்தை மறைக்கும் புடவைத் தடுப்பையும் கழற்றிவிடுகிற பழக்கம் புதுப்பிப்போரிடையே பரவி வருகிறது. பின் இருக்கையில் பக்கவாட்டில் அமர்ந்து வரும் பெண்களின் முந்தானையோ துப்பட்டாவோ செயினிலும் சக்கரத்திலும் சிக்கி நேர்ந்த விபரீதங்கள் நம் நாட்டில் கொஞ்சமல்ல. பின்னால் அமர்கிறவரின் ஆடை சிக்காதபடி சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு வேண்டும் என்று 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்வதும் அதனால்தான். அந்தத் தகடுகளைக் கழற்றி அறையில் வைத்திருப்பவர்கள், அடுத்த முறை மனைவியையோ தாயாரையோ வண்டியில் ஏற்றுவதற்கு முன், அவற்றை எடுத்துத் திரும்பப் பூட்டிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.