கோளாறன்று, கட்டளை

எம் கல்லூரி நூலகக் கணினிகளில் மதுரைத் திட்டத்தின் தளம் திறப்பதில்லை. 1998 பொங்கலன்று தொடங்கி, தன்னார்வலர் உழைப்பால் தமிழ் நூல்களை இலவசமாகத் தந்துவரும் தளம் அது. கேட்டால் 'தொழில்நுட்பக் கோளாறு' என்கிறார்கள். பிராக்ஸி அமைப்பைச் சரிபார்க்கச் சொன்னார்கள். 3128 என்ற போர்ட் எண்ணை மும்முறை இட்டுப் பார்த்தோம். (தமிழாசிரியருக்கு எண் தெரியாது என்ற ஐயம் போலும்!)

திரையில் வந்ததோ 403. இணைப்பு அறுந்தால் வருகிற எண் அன்று அது. கோரிக்கை போய்ச் சேர்ந்தது, மறுக்கப்பட்டது என்று பொருள். மறுத்தது தளமும் அன்று. வீட்டில் அது திறக்கிறது; மறுப்புப் பக்கத்தின் அடியில் இருந்தது எம் கல்லூரி ஸ்க்விட் வழங்கியின் பெயர்.

ஸ்க்விட் தன் அனுமதி விதிகளை மேலிருந்து கீழாகப் படிக்கும்; முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும். துறை சார்பில் கடிதம் எழுதிய பிறகு, அனுமதி வரியைச் சேர்த்தார்கள், 'அனைத்தையும் மறு' என்ற வரிக்குக் கீழே! அங்கே அது இருந்தும் இல்லாததே. ஒரு வரியை மேலேற்றி, அமைப்பை மறுபடி ஏற்றச் சொல்ல ஒரு நிமிடம் போதும். முதுகலை மாணவரோ கருத்தரங்கக் கட்டுரைக்குக் கைப்பேசித் திரையில் பதிகம் தேடுகிறார்கள்.

ஆங்கில ஆய்விதழ்களுக்கான வரி மட்டும் முதல் நாளே மேலே இடம்பெற்றது எங்ஙனம்?