ஒழுக்கச் சான்றிதழும் ஊசி முனையும்

எய்ட்ஸும் சிபிலிஸும் ஈரலைத் தின்னும் காமாலையும் புதுச்சேரிக்கு வெளியாட்களால்தான் வருகின்றன. திருமணப் பதிவுக்கு முன் எல்லோருக்கும் கட்டாய இரத்தப் பரிசோதனை நடத்தினால் ஊர் தூய்மையாகிவிடும். நம் ஊர் மாத இதழில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கும் கட்டுரையாளரின் சரக்கு மொத்தமும் இந்த இரண்டு கூற்றில் அடங்கிவிடுகிறது. ஒன்று மற்றொன்றின் கழுத்தை நெரிப்பதை அவர் கவனிக்கவே இல்லை. நோய் வெளியாளிடம்தான் இருக்கிறது என்றால் முத்தியால்பேட்டைப் பையனுக்கும் வில்லியனூர்ப் பெண்ணுக்கும் பரிசோதனை எதற்கு? அவர்களிடமும் இருக்கக்கூடும் என்றால், வார இறுதியில் பெங்களூரிலிருந்து வரும் காரையும் கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளியையும் அத்தனை பத்திகள் வைதது எதற்கு? வாதம் கைகொடுக்காத இடத்தில் வசவைக் கொண்டு நிரப்பியிருக்கிறார். வசவை உதறிவிட்டுப் பார்த்தால், நோயைப் பற்றி ஒரு செய்திகூட மிஞ்சவில்லை.

முதலில் அந்த 'வெளி'. தலைமுறை தலைமுறையாகச் சைகோனுக்கும் ரெயூனியனுக்கும் பாரீசுக்கும் ஆள் அனுப்பி, அவர்கள் திரும்பி வந்து கட்டிய வீடுகளில் குடியிருக்கும் ஊர் இது. பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தாக்களின் பென்ஷனில் பிள்ளைகளைப் படிக்கவைத்த ஊர். இந்த ஊரில் 'உள்' என்பது எந்தத் தெருவில் தொடங்குகிறது? கிருமிக்குக் குடியுரிமை பார்க்கத் தெரியாது என்பது மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவருக்குத் தெரியும். 1823லேயே மருத்துவப் பள்ளி கண்ட ஊரில், அதன் வழிவந்த ஜிப்மர் கோரிமேட்டில் இருக்கும்போது, ஒருவரையும் கேட்காமல் இப்படி எழுத ஒருவருக்குத் துணிவு வந்திருக்கிறது.

இந்தத் துணிவுக்கு முன்வரலாறு உண்டு. 1980களில் எய்ட்ஸ் என்றால் மேலைநாட்டுச் சீரழிவின் நோய், நமக்கு வராது என்றுதான் படித்தவர்களும் பேசினார்கள். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் பாலியல் தொழிலாளிகளிடம் இரத்தம் சேகரித்து, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. தொற்று தெரிந்தது. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் அதை அறிவிக்க வேண்டிய நிலை அன்றைய சுகாதார அமைச்சர் ஹண்டேவுக்கு ஏற்பட்டது. 'நமக்கு வராது' என்று பேசிக்கொண்டிருந்த காலத்திலேயே அது வந்துவிட்டிருந்தது. நாற்பது ஆண்டு கழித்து அதே வாக்கியத்தைத் தூசி தட்டி எடுத்து வந்து புதுக்கருத்து என்று நீட்டுகிறவரை என்னவென்று சொல்வது?

அடுத்தது கற்பு. ஒருவனுக்கு ஒருத்தி என்று வாழ்பவரை இந்த நோய்கள் தீண்டா என்பது அவர் கட்டுரையின் மையத்தூண். கேட்க இதமாக இருக்கிறது. உண்மை அதைவிடக் கொடியது. 1990களில் சென்னையில் சிகிச்சைக்கு வந்த, எச்.ஐ.வி. தொற்றுள்ள 134 பெண்களைப் பற்றிய ஆய்வு 2000இல் வெளிவந்தது. அவர்களில் பெரும்பாலோர் வீட்டை விட்டு வேலைக்குக்கூடப் போகாத இல்லத்தரசிகள். 88 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒரே ஆணோடு மட்டும் உறவு கொண்டிருந்தவர்கள். அந்த ஒரே ஆண், கணவன். கட்டுரையாளர் கேட்கும் ஒழுக்கம் முழுவதையும் அந்தப் பெண்கள் கடைப்பிடித்தார்கள். அதுதான் அவர்களுக்கு நோயைக் கொண்டுவந்து சேர்த்தது. 'ஆணுறை போட்டுக்கொள்' என்று கணவனிடம் சொன்னால் தன் நடத்தையைச் சந்தேகிப்பான் என்று அஞ்சி வாயை மூடிக்கொண்ட பெண்ணுக்கு இவருடைய கட்டுரை என்ன சொல்கிறது? இன்னும் இறுக்கி மூடிக்கொள் என்கிறது. சுற்றுலாப் பெண்ணின் உடையைப் பற்றி மூன்று பத்தி எழுதியவர், ஊர்க்கணவன்மாரைப் பற்றி ஓர் எழுத்து எழுதவில்லை. யாருடைய மானத்தைக் காக்க இத்தனை பாடு என்பது வாசகர்களுக்குப் புரியாமல் போகாது.

இனி அவருடைய பிரம்மாஸ்திரமான திருமணப் பரிசோதனைக்கு வருவோம். இது நல்லெண்ணம்போலத் தோன்றுவதால்தான் ஆபத்தானது. நல்லவர்கள் பலரும் தலையாட்டிவிடுவார்கள். எச்.ஐ.வி. உடலில் நுழைந்த உடனே சோதனையில் அகப்படாது. எதிரணுக்களைத் தேடும் சோதனையில் அது தெரிய மூன்று வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகலாம். அந்த இடைவெளியில் மாப்பிள்ளை 'தொற்றில்லை' என்ற தாளோடு மணவறையில் உட்காருவார். தாளை நம்பிய பெண் எல்லாக் காப்பையும் கைவிடுவாள். திருமணத்துக்கு அடுத்த மாதம் அவர் எங்கே போகிறார் என்பதை அந்தத் தாள் சொல்லுமா? முகூர்த்தத்துக்கு முந்தின நாள் எடுத்த சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும் என்று நம்புவதற்கு மருத்துவ அறிவு வேண்டாம். மருத்துவ அறிவு இல்லாதிருப்பதே போதும்.

செய்து பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 1988இல் இதையே சட்டமாக நடைமுறைப்படுத்தியது. முதல் ஆறு மாதத்தில் 70,846 பேரைச் சோதித்தார்கள். தொற்று தெரிந்தது 8 பேருக்கு. செலவு ஏறத்தாழ 25 லட்சம் டாலர். திருமண உரிமம் கேட்டு வந்தவர்களின் எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது, ஏனென்றால் சனம் அண்டை மாநிலத்துக்குப் போய்த் தாலி கட்டிக்கொண்டது. 1989இல் சட்டத்தைத் தூக்கி எறிந்தார்கள். அகன்ற இல்லினாயிலேயே இந்தக் கதி என்றால், கோட்டக்குப்பம் தொட்டால் தமிழ்நாடு, நாலு தெரு நடந்தால் மறுபடி புதுச்சேரி என்று எல்லை பின்னிக்கிடக்கும் நம் ஊரில் என்ன நடக்கும்? மயிலம் முருகன் கோயிலில் முகூர்த்தம் குறித்துவிட்டு ஒரு மணி நேரத்தில் போய்ச் சேருவார்கள். இதை யோசிக்க வரைபடம்கூடத் தேவையில்லை. ஒரு நாள் பஸ்ஸில் போயிருந்தால் போதும்.

மணமக்கள் இருவரும் மனமொப்பிச் சேர்ந்து போய்ச் சோதித்துக்கொள்வது நல்லது. நான் எல்லோருக்கும் அதைத்தான் சொல்வேன். ஹெபடைடிஸ் பி தெரியவந்தால் துணைக்குத் தடுப்பூசி போடலாம். சிபிலிஸ் தொடக்க நிலையில் தெரிந்தால் பெரும்பாலும் ஒரே ஒரு பென்சிலின் ஊசியில் தீரும். எச்.ஐ.வி. தெரிந்தால் மாத்திரையைத் தவறாமல் எடுத்து, இரத்தத்தில் வைரஸ் சோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் துணைக்குப் பரவாது. இப்படிப்பட்ட தம்பதிகள் தொற்றில்லாத பிள்ளை பெற்று வாழ்கிறார்கள். அதை அறிந்தவர் பரிசோதனையைச் சிகிச்சையின் வாசலாகப் பார்ப்பார். கட்டுரையாளர் அதைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும் வாசலாகப் பார்க்கிறார். தொற்றுள்ளவருக்கு மணம் செய்யும் உரிமை இடைநிறுத்தப்படுகிறது என்று 1998இல் சொன்ன உச்ச நீதிமன்றமே 2002இல் அந்தக் கருத்தைத் திரும்பப் பெற்றது. ஒப்புதலின்றிச் சோதிக்கக்கூடாது, முடிவை வெளியிடக்கூடாது என்று 2017இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது; அது 2018 செப்டம்பரில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. நீதிமன்றமும் நாடாளுமன்றமும் கடந்து போன பாதையில் இவர் பின்னோக்கி நடக்கிறார்.

'ஆபத்தானவர்களை'ப் பிடித்துவைத்துச் சோதிக்க வேண்டும் என்ற யோசனையையும் போகிற போக்கில் வீசியிருக்கிறார். தமிழ்ப் பண்பாட்டைக் காக்கப் புறப்பட்டவர் கையில் எடுத்திருப்பது அப்பட்டமான காலனியக் கருவி. வெள்ளைக்காரச் சிப்பாய்களைக் காக்க 1868இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த தொற்றுநோய்ச் சட்டம் பெண்களைப் பதிவு செய்தது, சோதித்தது, ஆஸ்பத்திரியில் அடைத்தது. அவர்களிடம் போன சிப்பாயைத் தொடவில்லை. பெண்கள் பதிவுக்குப் பயந்து மறைந்தார்கள், நோய் அவர்களோடு மறைந்தது, 1888இல் சட்டம் ஒழிந்தது. நூறு ஆண்டு கழித்து, நம்மைப்போலவே அந்நிய ஆட்சியில் கிடந்த இன்னொரு கடற்கரை ஊரான கோவாவில் அதே தவறு நடந்தது. இரத்ததானம் செய்யும் வழக்கமுள்ள டொமினிக் டிசோசா என்ற இளைஞரை, அவர் கொடுத்த இரத்தத்தில் தொற்று தெரிந்ததற்காக, 1989இல் பழைய காசநோய் மருத்துவமனைக் கட்டடத்தில் 64 நாள் அடைத்துவைத்தார்கள். கோவாவில் எச்.ஐ.வி. நின்றுவிட்டதா? அந்த மாநிலத்தில் இரத்தம் கொடுக்க நினைத்த எத்தனை பேர் கையை இழுத்துக்கொண்டிருப்பார்கள் என்பதுதான் கேள்வி.

இந்த இடத்தில் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் கட்டுரையாளரின் அவமானப் பிரசாரம் ஒரு பாவமும் அறியாதவர்மேல் வந்து விழும் இடம் இதுதான். தலைவர் பிறந்தநாளுக்கும் நடிகர் பிறந்தநாளுக்கும் நம் ஊரில் இரத்ததான முகாம் நடக்கிறது. கூட்டாளிகள் சூழ நிற்க, ஓர் இளைஞனிடம் வினாத்தாள் நீட்டப்படுகிறது: அண்மையில் பாதுகாப்பற்ற உறவு உண்டா, ஊசி போதை உண்டா, பச்சை குத்திக்கொண்டாயா? இவருடைய கட்டுரை ஆட்சி செய்யும் ஊரில் எந்தப் பையன் 'ஆம்' என்று எழுதுவான்? எழுதமாட்டான். இரத்த வங்கி எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா என ஐந்தையும் சோதிக்கும்தான். ஆனால் தொற்று இன்னும் வெளிப்படாத அந்தச் சில வாரங்களில் நம்மைக் காப்பது கொடையாளியின் உண்மைச் சொல் ஒன்றே. அவனைப் பொய் சொல்லவைத்தால், அந்தப் பொய் பிரசவ வார்டில் படுத்திருக்கும் பெண்ணின் நரம்பில் ஏறும்.

2018 டிசம்பரில் சாத்தூரில் நடந்தது நமக்கு மறந்துவிட்டதா? அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. உள்ள இரத்தம் ஏற்றப்பட்டது. அதைக் கொடுத்த இளைஞர் 2016லும் இரத்தம் கொடுத்திருந்தார். அப்போதே தொற்று தெரிந்திருந்தும் அவருக்குச் சொல்லப்படவில்லை. வெளிநாட்டு வேலைக்கான சோதனையில் தன் நிலை தெரிந்ததும் தானாக ஓடிவந்து எச்சரித்தவர் அவர்தான். அதற்குள் இரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. பழியைத் தாங்காமல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தக் கர்ப்பிணி ஒழுக்கம் தவறியவரா? உண்மையைச் சொல்ல ஓடிவந்த அந்தப் பையன் ஒழுக்கம் தவறியவனா? பிறந்த குழந்தைக்குத் தொற்றில்லாமல் போனது மருந்தாலும் மருத்துவர்களாலும். அங்கே தவறியது பதிவேடும் தகவல் சொல்லும் கடமையும். கட்டுரையாளருக்கு இந்த வகைத் தவறுகள் கண்ணில் படுவதில்லை, ஏனென்றால் இவற்றில் யாருடைய படுக்கையறையும் இல்லை.

ஊசியைப் பற்றியும் அவர் மூச்சு விடவில்லை. உத்தரப் பிரதேசத்தின் பாங்கர்மாவில் ஒரு போலி மருத்துவர் ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பக் குத்தியதில் பலருக்கு எச்.ஐ.வி. பரவியிருப்பது 2018இல் வெளிவந்தது. குஜராத்தின் மொடாசாவில் 2009இல் பழைய ஊசிகளால் ஹெபடைடிஸ் பி பரவி உயிர்கள் போயின. தொற்றுள்ள ஊசி தவறிக் குத்தினால் எச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி பரவும் வாய்ப்பு நூற்றில் முப்பது வரை. காய்ந்த இரத்தத்திலும் அந்த வைரஸ் ஒரு வாரம் உயிரோடிருக்கும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது: பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு முதல் தவணை, போடாத பெரியவருக்கு ஆறு மாதத்தில் மூன்று. ஹெபடைடிஸ் சி-யை 12 வார மாத்திரையில் குணமாக்கலாம். தேசியத் திட்டத்தில் அது இலவசம். இத்தனையும் தெரியாமலா எழுதினார், தெரிந்தும் விட்டாரா? எதுவானாலும் மன்னிக்க முடியவில்லை.

மூலிகையால் எய்ட்ஸ் குணமாகும் என்ற அவரது இறுதிப் பத்தி நீண்ட பதிலுக்குத் தகுதியற்றது. தாம்பரம் மருத்துவமனையில் இரசகந்தி மெழுகும் அமுக்கராச் சூரணமும் நெல்லிக்காய் இலேகியமும் கொடுக்கப்பட்டன, உண்மை. ஆனால் மரணங்களைக் குறைத்தது 2004 ஏப்ரலில் இலவசமாக வழங்கப்படத் தொடங்கிய கூட்டு மருந்து. எய்ட்ஸைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தைப் பற்றியும் சொல்லிக்கொள்ளக்கூடாது என்று விதியே இருக்கிறது. லாட்ஜில் அறை எடுத்து இளைஞர்களின் பயத்தைக் காசாக்கும் வைத்தியர்களுக்கு அவர் இலவச விளம்பரம் செய்திருக்கிறார்.

பள்ளியில் பேசினால் பிள்ளைகள் கெட்டுப்போவார்களாம், ஆணுறை பற்றிச் சொன்னால் ஆசை கிளம்புமாம். புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்று 2003இல் தமிழகச் சுவர் விளம்பரங்களெல்லாம் கேட்டபோதும் இதே கூக்குரல் எழுந்தது. டீக்கடையில் ஆண்கள் முதன்முதலாக எய்ட்ஸ் என்ற சொல்லை உரக்கப் பேசியது அப்போதுதான். பேசாமல் விட்ட பிள்ளை எங்கே கற்கிறது என்று அவர் யோசித்திருக்கிறாரா? கைப்பேசியில் கற்கிறது, வலியில்லாத புண் தானே ஆறிவிட்டது என்று நம்பி, சிபிலிஸ் உள்ளே இறங்குவது தெரியாமல் கிடக்கிறது.

சனிக்கிழமை இரவு ஆணுறை கிழிந்துபோன ஒருவனுக்கு, வன்முறைக்கு ஆளான ஒரு பெண்ணுக்கு, கையில் ஊசி குத்திவிட்ட ஒரு துப்புரவுப் பணியாளருக்குச் செவ்வாய் இரவு வரை அவகாசம் இருக்கிறது. 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் உட்கொண்டால் எச்.ஐ.வி. பெரும்பாலும் நிலைகொள்ளாது, முந்தினால் இன்னும் நல்லது. அரசு மருத்துவமனைக்குப் போகலாம், 1097 என்ற இலவச எண்ணைக் கேட்கலாம். அத்தனை பக்கங்களில் இந்த ஒரு தகவலுக்கு அவர் இடம் ஒதுக்கவில்லை. அவர் எழுதியதைப் படித்த ஒருவர் அந்த மூன்று நாளும் வெட்கத்தில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தால், அதற்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட அவர் தயாரா? அடுத்த இதழில் பதில் எழுதட்டும்.