துணைவேந்தர் அவர்களே, அந்தப் பட்டியலைக் கூட்டிப் பாருங்கள்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கு,

இடுக்கி மலையில் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பிளஸ் டூ வணிகவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பி.காம். வகுப்புகளில் நிதியும் முதலீடும் வங்கியியலும் கற்பிக்கப்படும் விதம் குறித்துத் துறைத்தலைவரிடமும் முதல்வரிடமும் மனு கொடுத்தேன். தங்கள் அலுவலகத்துக்கும் எழுதினேன். 'உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது' என்பதற்கு மேல் பதில் இல்லை. ஆகவே ஊரறிய எழுதுகிறேன். பாடத்திட்டம், தேர்வு ஒழுங்கு, ஆசிரியர் நியமனம் பற்றிய விதிகள் தாங்கள் அறியாதவை அல்ல. என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவள். பத்தாவது வரை தமிழ்வழி. அம்மா கொழுந்து பறிக்கிறவர், தோட்டக் கம்பெனியின் பங்குதாரரும்கூட. 2005இல் மூணாறு தோட்டங்களை நடத்துவதிலிருந்து டாடா டீ விலகி, கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் பொறுப்பேற்றபோது ஆயிரக்கணக்கான தொழிலாளர் கைக்குப் பங்குகள் வந்தன. கூடை சுமக்கும் பெண்கள் பங்கு வைத்திருக்கும் ஊர் இது. நிதிப் பாடம் நடத்த இதைவிடப் பொருத்தமான இடத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

2015 செப்டம்பரில் அதே பெண்கள் 'பெம்பிளை ஒருமை' என்று திரண்டு மூணாறு சாலையில் உட்கார்ந்தது தங்களுக்கு நினைவிருக்கும். லாபம் குறைந்துவிட்டது, போனஸ் 10 சதவீதம்தான் என்றது நிர்வாகம். முந்தைய ஆண்டு வாங்கிய 20தான் வேண்டும் என்றார்கள் இவர்கள். தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் அண்டவிடவில்லை. கடைசியில் போனஸ் 8.33, கருணைத்தொகை 11.67 எனக் கூட்டி 20 வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். அப்போது இவள் ஐந்தாம் வகுப்பு.

பி.காம். கடைசி ஆண்டில் ப்ராஜெக்ட் வந்ததும் என்னைத் தேடி வந்தாள். "சார், அந்த 8.33 எங்கேயிருந்து வந்துச்சு? லாபம் குறைஞ்சதுன்னு சொன்னாங்களே, கணக்கைப் பார்த்தா அது தெரியுமா? இதையே எடுக்கலாமா?" என்று கேட்டாள். ஆண்டுக் கூலியில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் 8.33, அதற்குக் கீழே சட்டப்படி போக முடியாது, மீதியை ஐந்தொகையிலும் லாப நட்டக் கணக்கிலும் நீயே தேடு என்று அனுப்பினேன். இத்தனை வருட வேலையில் ஒரு மாணவி இப்படிக் கேட்டு நான் கண்டதில்லை.

துறையில் சொன்ன பதில்: "அதெல்லாம் வேண்டாம், பிரச்சினை வரும். மியூச்சுவல் ஃபண்டு எடு. எல்லாரும் அதைத்தான் எடுக்கிறாங்க."

சொன்னவர் ஒரு கெஸ்ட் லெக்சரர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அடுத்த ஜூனில் அங்கே இருப்போமா என்றே தெரியாதவர் அவர். அவருக்கு முன்பு அந்தப் பாடத்தை எடுத்தவர் பாதியிலேயே போய்விட்டார். நிரந்தர இடம் காலியாகவே கிடந்தது.

பிறகு அவள் என்ன செய்வாள்? வகுப்பே போகிற ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். பணம் கொடுத்தாள், ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஒரு ப்ராஜெக்டை வாங்கினாள். தலைப்பு, எறணாகுளம் நகர முதலீட்டாளர்களின் மனப்பாங்கு. நூறு பேரிடம் கருத்துக் கேட்டதாக எழுதியிருக்கிறது. ஒருவரிடமும் யாரும் கேட்கவில்லை. அதன் பிரதி என் மேசைமேல் இருக்கிறது. வயதுவாரிப் பட்டியலில் நான்கு வரிகள்: 28 சதவீதம், 36, 24, 16. கூட்டினால் 104 வருகிறது. வழிகாட்டி கையெழுத்துப் போட்டிருக்கிறார். துறையின் முத்திரை இருக்கிறது. வெளியிலிருந்து வந்த தேர்வாளரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வணிகவியல் படித்த இத்தனை பேரில் நான்கு எண்களைக் கூட்டிப் பார்க்க ஒருவர் இல்லை. கிரேடு ஏ.

அதே பருவத்தில்தான் அவள் அம்மா ஒரு நிதி நிறுவனத்தில் 50,000 ரூபாய் கடன் வாங்கினார். மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, இரண்டு வருடம் என்றார்கள். மாதம் 500 வீதம் வட்டி 12,000. மொத்தம் 62,000. அதை 24 தவணையாக வகுத்து, மாதம் 2,583 ரூபாய்ச் சொச்சம். காப்பீடு, செயலாக்கக் கட்டணம் என்று 1,500ஐ முன்னாலேயே பிடித்துக்கொண்டு கையில் 48,500 கொடுத்தார்கள். லயத்தில் எல்லோரும் இதை வருடத்துக்கு 12 சதவீதம் என்றுதான் நினைக்கிறார்கள். அசல் மாதாமாதம் கரைந்துகொண்டே வர, வட்டியை மட்டும் கடைசிவரை முழு 50,000க்கும் கட்டுகிறார்கள். சரியாகக் கணக்குப் போட்டால் 24.8 சதவீதம்.

வேதனை இதற்குப் பிறகுதான். அந்த 24.8 கடன் தாளிலேயே அச்சாகியிருந்தது. கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் முழுச் செலவையும் காட்டும் விவரத் தாள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லி, 2024 அக்டோபரிலிருந்து அது நடைமுறைக்கு வந்துவிட்டது. இவர்களுக்குக் கொடுத்தது ஆங்கிலத் தாள். இரண்டாம் பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள் அந்த எண். "இது என்னடி?" என்று அம்மா கேட்டிருக்கிறார். "ஏதோ கோடு நம்பர் மாதிரி இருக்கும்மா" என்றிருக்கிறாள் மகள். பி.காம். படிக்கிற பிள்ளை பார்த்துவிட்டது என்ற நம்பிக்கையில் அம்மா கையெழுத்துப் போட்டார்.

அவள் மக்கு இல்லை. அக வருவாய் விகிதம் (IRR) கணக்கிடும் வினாவுக்குத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். இயந்திரம் அ வாங்கலாமா, இயந்திரம் ஆ வாங்கலாமா என்ற பழைய வினா. அம்மாவின் கடனும் அதே கணக்குத்தான், பணம் வரும் திசையும் போகும் திசையும் மட்டும் மாறியிருக்கிறது என்று மூன்று ஆண்டில் ஒருவர்கூட அவளுக்குச் சொல்லவில்லை. நான் உட்காரவைத்துக் காட்டியபோது ஒரு மாலைப்பொழுதில் பிடித்துக்கொண்டாள். பிறகு அழுதாள்.

துணைவேந்தர் அவர்களே, அவளுக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

இது மலையோடு நிற்கவில்லை. பாலக்காட்டில் சித்தூர் தாலுகாவின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் வேலை பார்க்கும் என் நண்பர் இதே கதையைச் சொல்கிறார். ஊர்தோறும் பெண்கள் குழுக்கடன். வாரம் தவறாமல் வசூல். வீட்டுக்குள் ஒரு பட்டதாரி. அவருக்கும் அந்தத் தாள் புரிவதில்லை. 2014இல் 'ஆபரேஷன் குபேரா' என்று கேரளக் காவல்துறை கந்துவட்டிக்காரர்களைத் தேடிப் போனது. போலீஸ் வந்து போனபின்னும் ஊரில் இருக்கப் போவது உங்கள் மாணவிகள்தாம்.

ஓர் ஆசிரியர் வேறுவிதமாகவும் செய்திருக்கிறார். 1976இல் முகம்மது யூனுஸ் வங்கதேசத்தின் சிட்டகாங் பல்கலைக்கழகத்தில் பொருளியல் நடத்திக்கொண்டிருந்தார். வளாகத்தை ஒட்டிய ஜோப்ரா கிராமத்தில் யார் யாருக்கு எவ்வளவு கடன் என்று பட்டியலெடுக்க ஒரு மாணவியை அனுப்பினார். 42 பேர், எல்லாம் சேர்த்து 27 டாலருக்கும் குறைவு. அங்கே தொடங்கிய முயற்சிதான் பின்னால் கிராமீன் வங்கியானது. குழுக்கடனைப் பற்றி இன்று பல கேள்விகள் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் அந்த ஆசிரியர் மாணவியை ஊருக்குள் அனுப்பினார். இங்கே ஊரின் கணக்கைத் தானே தூக்கிக்கொண்டு வந்தவளை நீங்கள் ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பினீர்கள்.

2024 ஜூலையில் கேரளத்தில் நான்காண்டுப் பட்டப்படிப்பு தொடங்கியபோது திறன் வளரும், ஆய்வு வளரும் என்றார்கள். மூன்றாண்டில் நடக்காதது, ஓர் ஆண்டைக் கூட்டியதால் நடந்துவிடுமா? ஆசிரியர் இல்லாத வகுப்பு நான்கு ஆண்டு இருந்தால் என்ன, ஐந்து ஆண்டு இருந்தால் என்ன?

அவள் பெயரையும் கல்லூரியின் பெயரையும் மறைத்து அந்த ப்ராஜெக்டின் நகலை உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். பட்டியலை நீங்களே கூட்டிப் பாருங்கள். கூட்டியதும் கெஸ்ட் லெக்சரருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பி, கோப்பை மூடிவிடாதீர்கள். அந்த இடத்தை ஏன் காலியாக வைத்திருந்தீர்கள் என்பதற்கு நீங்கள் விளக்கம் கொடுங்கள். இந்த ஊரின் கடனையும் கூலியையும் பங்கையும் வகுப்பறைக்குள் அனுமதிக்கப் பயப்படாத, பிள்ளைகளோடு தமிழிலும் பேசக்கூடிய ஆசிரியர்களை எல்லையோரக் கல்லூரிகளுக்கு அனுப்புங்கள். அதற்கு எந்தக் குழுவைக் கூட்ட வேண்டும், எந்தக் கோப்பை நகர்த்த வேண்டும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

அவள் தம்பி இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறான். அவனும் பி.காம். படிக்க வேண்டும் என்கிறான். எங்கே சேர்ப்பது என்று அவன் அம்மா என்னிடம் கேட்கிறார். நான் என்ன சொல்லட்டும்?

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு வணிகவியல் ஆசிரியர்,
இடுக்கி மாவட்டம்