பிள்ளைகளுக்குமா பட்டினி?

தக்கலை, கோட்டாறு பக்கங்களில் ரமலான் வந்துவிட்டால், "எங்கள் ஏழு வயதுப் பிள்ளை நோன்பு பிடித்தான்" என்று பெருமை பேசும் பெற்றோர் உண்டு. குர்ஆனோ நோயாளிக்கும் பயணிக்கும் விலக்குச் சொல்கிறது. பருவமடையாத பிள்ளைக்கு நோன்பு கடமையல்லவென்று மார்க்க அறிஞர்களே ஒப்புகின்றனர். அப்படியிருக்க, சுமார் 13 மணி நேரம் தண்ணீருமின்றி அச்சிறுவன் வாடுவது யார் மெச்ச?

இதைக் கண்டு சிரிக்கும் இந்துத் தோழர்களே, சின்னஞ்சிறுவனுக்கு மாலை போட்டு, 41 நாள் விரதமென்று சபரிமலைக்கு அழைத்துப்போவது யார்?

1920இல் தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பகலுணவு தொடங்கியது, பசித்த பிள்ளை பள்ளியில் தங்காது என்பதாலன்றோ?

நோன்பு இன்னதென்று சொல்லிக்கொடுங்கள், தடையில்லை. பிடிப்பதா விடுவதா என்பதை அறிவு வந்தபின் அப்பிள்ளையே தீர்மானிக்கட்டும். அதுவரை வேளைக்குச் சோறு போடுங்கள் என்கிறோம்!