மருத்துவச்சியின் கைக்குத் தெரியாதது

துமகூரு மாவட்டம் பாவகடா தாலுகாவைச் சேர்ந்த சூலகித்தி நரசம்மா, 2018-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி பெங்களூரில் காலமானார். காசு வாங்காமல் 15,000-க்கும் மேற்பட்ட பிரசவங்களைப் பார்த்தவர் என்று போற்றப்பட்ட அந்த அம்மையாருக்கு, அதே ஆண்டில்தான் மத்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியிருந்தது. 'சூலகித்தி' என்றால் கன்னடத்தில் மருத்துவச்சி என்று பொருள்.

மருத்துவச்சிகளின் காலம் முடிந்து வருகிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி கர்நாடகத்தில் நூற்றுக்கு 97 பிரசவங்களும், தமிழ்நாட்டில் 99-க்கு மேற்பட்டவையும் ஆஸ்பத்திரிகளிலேயே நடைபெற்றன. ஆனாலும் மருத்துவச்சிகளை இகழ்வது நியாயமாகாது. அசுத்தமான கத்தியால் தொப்புள்கொடி அறுக்கப்பட்டதால் பல சிசுக்களை ரணஜன்னி கொன்று வந்தது. கை, இடம், பிளேடு, நூல், தொப்புள் ஆகிய ஐந்தும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று அவர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசியும் போடப்பட்டது. ஆஸ்பத்திரிப் பிரசவங்களும் பெருகின. பச்சிளம் குழந்தைகளின் ரணஜன்னி இந்தியாவில் கட்டுக்குள் வந்துவிட்டதை 2015-ல் உலக சுகாதார ஸ்தாபனம் உறுதி செய்தது.

எல்லாக் கிருமிகளும் சோப்புக்கு அடங்குபவை அல்ல. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ்-பி, சிபிலிஸ் ஆகியவை தாயிடமிருந்தே குழந்தைக்குச் செல்பவை. தாய் பார்வைக்கு ஆரோக்கியமாகவே இருப்பாள். எத்தனை அனுபவமுள்ள கைக்கும் இவை தென்படா; ரத்தப் பரிசோதனை ஒன்றே காட்டிக் கொடுக்கும்.

சிகிச்சை இல்லாவிட்டால், எச்.ஐ.வி. உள்ள தாய்மாரின் குழந்தைகளில் நூற்றுக்கு 15 முதல் 45 வரை தொற்றுக்கு ஆளாகின்றன. கர்ப்ப காலத்திலேயே மாத்திரை தொடங்கி, பிறந்த குழந்தைக்கும் மருந்து கொடுத்தால் இது 5-க்கும் கீழே குறைந்துவிடும். 2014 முதல் இத்தகைய கர்ப்பிணிகள் அனைவருக்கும் ஆயுள் முழுவதும் மாத்திரை இலவசம். சிபிலிசுக்குப் பென்சிலின் ஊசி உண்டு. ஹெபடைடிஸ்-பிக்குக் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட வேண்டும்.

மருந்து இருக்கிறது, இடையூறு வேறிடத்தில் இருக்கிறது. பெங்களூரில் கட்டட வேலை செய்யும் தருமபுரி, திருவண்ணாமலைக் குடும்பங்களில், வளைகாப்பு முடிந்ததும் பெண் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்வது வழக்கம். ரத்தம் சோதித்த ஊர் ஒன்று, பிரசவம் பார்க்கும் ஊர் மற்றொன்று. இங்கு கொடுத்த 'தாயி கார்டு' வாடகை வீட்டுப் பெட்டியில் தங்கிவிடுகிறது. ஊரிலும் மறுபடி சோதிப்பார்கள் என்பது உண்மையே. ஆனால் வலி எடுத்த பிறகு தெரிவதற்கும், சில மாதங்கள் முன்பே தெரிந்து மாத்திரை சாப்பிட்டிருப்பதற்கும் வித்தியாசம் மிகப் பெரிது. மாத்திரை சாப்பிட்டு வருகிறவள் இடம் மாறும்போது அது ஒரு நாளும் தடைப்படக் கூடாது. புறப்படுமுன் மாற்றல் சீட்டு பெற்றுக் கொள்வது அவசியம்.

நாலு பேருக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சமும் பலரைத் தடுக்கிறது. சம்மதமின்றி எச்.ஐ.வி. சோதனை செய்வதையும், முடிவை வெளியிடுவதையும் 2017-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பெண்ணை மட்டும் அனுப்பிவிட்டு ஒதுங்கி நிற்காமல் கணவனும் உடன் சென்று சோதித்துக் கொண்டால், அந்த அச்சம் பாதி குறையும்.

குடியிருப்புகளில் அனுபவமுள்ள மூதாட்டிகள் இன்றும் இருக்கிறார்கள். பிரசவம் பார்க்கும் வேலை அவர்களிடமிருந்து போயிருக்கலாம். அவர்கள் சொல்லுக்கு உள்ள மதிப்பு போய்விடவில்லை. ஊருக்குக் கிளம்பும் பெண்ணிடம், "ரத்தம் சோதித்தாயா? கார்டை எடுத்து வைத்தாயா?" என்று அவர்கள் கேட்டால், அதுவே ஒரு குழந்தையைக் காப்பாற்றப் போதுமானது.