காற்று இயந்திரத்தை அலுமாரியில் வைக்காதீர்கள்



குறட்டை ஆண்களுக்கே உரியது என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் உண்டு. ஆனால் மாதவிடாய் நின்ற பின்னர் பெண்களிடமும் உறக்க மூச்சுத்தடை அதிகரிக்கிறது. உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடும். 10 செக்கன்களோ அதற்கு மேலோ மூச்சு நிற்கும். ஒட்சிசன் குறைய, மூளை நம்மைத் தட்டி எழுப்பும். இதனால் வரும் காலைத் தலையிடியையும் பகல் அயர்ச்சியையும் வீட்டு வேலைக் களைப்பென்று ஒதுக்கிவிடுகிறோம். கவனியாது விட்டால் உயர் குருதி அமுக்கமும் இருதய நோயும் தொடரலாம்.

முகமூடி வழியாக அமுக்கத்துடன் காற்றைச் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சீபாப் சிகிச்சையை, சிட்னியைச் சேர்ந்த வைத்தியர் கொலின் சலிவனும் அவரது குழுவினரும் 1981இல் வெளியிட்டனர். நானும் இந்த இயந்திரத்துடனேயே உறங்குகிறேன். பலர் சில வாரங்களில் இதை வெறுத்து ஒதுக்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் குறை சிகிச்சையில் இல்லை. இயந்திரம் அவரவருக்கு ஏற்றபடி சரிசெய்யப்படாததே காரணம்.

நாமே செய்யக்கூடியவை சில உண்டு. முகமூடியை உட்கார்ந்தபடியல்ல, படுத்தபடி, காற்று ஓடும்போது பொருத்திப் பாருங்கள். பட்டியை அளவுக்கு மீறி இறுக்கினால் காற்றுக் கசிவு கூடவும் செய்யும். மூக்கு வறண்டால் ஈரப்பதனை ஒரு படி கூட்டுங்கள். குழாயில் நீர் தேங்கினால் ஒரு படி குறையுங்கள். நீர்த் தொட்டிக்குக் கொதித்தாறிய நீரை விட, மருந்தகத்தில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீரே நல்லது. காலையில் வாய் உலர்ந்திருந்தால் வாய் வழியாகக் காற்று வெளியேறுகிறதா என்று வைத்தியரிடம் கேளுங்கள். வேறு வகை முகமூடி தேவைப்படலாம்.

அமுக்கம் மட்டும் வைத்தியர் தீர்மானிக்க வேண்டியது. இது வழமையாக 4 முதல் 20 வரையான அளவில் அமைக்கப்படும். தொடக்கத்தில் மூச்சு முட்டுவது போலிருந்தால் ஆரம்ப அமுக்கம் உங்களுக்குப் போதாதிருக்கலாம். வயிறு ஊதினால் அமுக்கம் அதிகமாயிருக்கலாம். இரண்டையும் சொல்லுங்கள், எண்ணை நீங்களாக மாற்ற வேண்டாம்.

ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். உறங்கிய மணித்தியாலம், இயந்திரம் காட்டும் மூச்சுத்தடை எண்ணிக்கை, கசிவு, காலை உடல்நிலை ஆகியவற்றை எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, சில இரவுகள் பொறுத்துப் பாருங்கள். மணித்தியாலத்துக்கு 5 தடைகளுக்குக் குறைவாக இருப்பதே பொதுவான இலக்கு. அதை எட்டியும் அயர்ச்சி தீரவில்லையெனில் இரத்தச்சோகை, தைரொயிட் குறைபாடு என்பனவற்றையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் கொப்பியையும் முகமூடியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் எல்லோருடைய நித்திரையையும் பார்த்துக்கொள்ளும் நமக்கும் நல்ல நித்திரை வேண்டும்.