கைக்குக் கேட்கிற இசை

2021 ஜூலை 23, டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழா. கொரோனாவால் பார்வையாளர்களே இல்லாத அரங்கில் நாடுகளின் அணிவகுப்பு தொடங்கியபோது ஒலித்தது, 'டிராகன் குவெஸ்ட்' என்ற வீடியோ கேமுக்காக 1986இல் கோயிச்சி சுகியாமா போட்ட மெட்டு. அடுத்தடுத்து 'ஃபைனல் ஃபேன்டஸி', 'க்ரோனோ ட்ரிக்கர்', 'சோனிக்' என்று கேம் இசையாகவே வந்துகொண்டிருந்தது.

சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று ஒதுக்கிவைத்த ஒன்றுக்கு உலக மேடையில் கிடைத்த மரியாதை அது. கேம் ரசிகர்கள் பூரித்துப்போனார்கள். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால், வீரர்கள் கையசைத்தபடி நடந்து வர அந்த இசை அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதே, அங்கேதான் எனக்குச் சந்தேகமும் வந்தது. விளையாடுபவரின் கையிலிருந்து பிரித்தெடுத்த பிறகும் சேதாரமே இல்லாமல் நிற்கிற இசை, கேமுக்குள் இருந்தபோது என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது?

இந்தக் கேள்வியை விருதுக் குழுக்கள் கேட்பதில்லை. 2012இல் வந்த 'ஜர்னி' கேமுக்காக ஆஸ்டின் வின்டரி கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டபோது அவரோடு போட்டியிட்டவை எல்லாம் சினிமாக்கள். கேம் இசைக்கென்று தனிப் பிரிவு 2023இல்தான் வந்தது; முதல் விருது 'அசாசின்ஸ் கிரீட் வல்ஹாலா'வின் விரிவாக்கப் பகுதிக்கு இசையமைத்த ஸ்டெஃபனி எகானமூவுக்குப் போனது. பிரிவு தனியானதே தவிர, ஆல்பத்தைக் கேட்டுத் தரம் போடுகிற வழக்கம் அப்படியேதான் இருக்கிறது. யூடியூபில் கொட்டிக் கிடக்கும் 'டாப் டென்' பட்டியல்களும் அதே கதைதான்.

சிறந்த கேம் இசைக்கென்று நானும் ஒரு வரிசை வைத்திருக்கிறேன்; அதற்கான சோதனைகள் இரண்டு. இசையை அணைத்துவிட்டால் நான் விளையாடுகிற விதம் மாற வேண்டும். கேமை எடுத்துவிட்டால் இசையில் எதுவோ குறைய வேண்டும். இரண்டிலும் தேறினால்தான் இடம்.

முதல் சோதனையிலேயே பெரிய தலைகள் உருளும். 'வைஸ் சிட்டி'யை எடுத்துக்கொள்ளுங்கள். 2002இல் வெளிவந்து, நம்மூர் பிரவுசிங் சென்டர்களில் ஒரு தலைமுறையையே கட்டிப்போட்ட கேம். காரில் ஏறினால் வானொலி ஓடும். மைக்கேல் ஜாக்சன் முதல் அந்தக் கால ராக் வரை எண்பதுகளின் அசல் பாட்டுகள். அளவைக் குறைப்பதற்காக அந்தப் பாட்டுகளையெல்லாம் வெட்டியெறிந்த திருட்டுப் பிரதிகளும் இங்கே தாராளமாகச் சுற்றின. பாட்டில்லாத நகரத்தில் கார் திருடியவர்கள் எதையும் இழந்ததாக உணரவே இல்லை. காசு கொடுத்து உரிமை வாங்கிய பாட்டுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. உரிமக் காலம் தீர்ந்ததும் பாட்டு கழன்றுகொள்ளும். 2018இல் அதே தொடரின் 'ஜிடிஏ 4' வானொலியிலிருந்து பல பாட்டுகள் அப்படித்தான் காணாமல்போயின, ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தவர்களின் பிரதியிலிருந்தும்.

'வெண்பா'வையும் இந்தச் சோதனையிலிருந்து விலக்க முடியாது. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட இந்தச் சின்ன கேமில், எண்பதுகளில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமைத்துக்கொண்டே தெரிந்துகொள்கிறோம். அடுப்படி வானொலியில் அந்தந்தக் காலத் தமிழ் சினிமாப் பாட்டின் சாயலில் புதிதாகப் போட்ட பாடல்கள் வருகின்றன. அடுத்த ஆண்டு பாஃப்டாவின் அறிமுக கேம் விருது இதற்குக் கிடைத்தது. தமிழ்க்காரன் என்ற முறையில் எனக்குக் கண் கலங்கியது உண்மை. என்றாலும், ஆவி மேலேறும்படி துளை பார்த்து இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதில் அந்தப் பாட்டுக்கு எந்தப் பங்கும் இல்லை. கிழிந்த சமையல் குறிப்புதான் சொல்லிக்கொடுக்கிறது. பாட்டு பக்கத்தில் நின்று பார்க்கிறது, அவ்வளவுதான்.

சரி, வரிசைக்கு வருவோம்.

ஐந்தாவது இடம் 'ஃபைனல் ஃபேன்டஸி 6' (1994). நோபுவோ உயெமாட்சுவின் ரசிகர்கள் என்மேல் கோபப்படலாம். மற்ற பட்டியல்களில் அவர் முதலிடத்துக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். வேலை பார்க்கும்போது நான் அதிகம் ஓடவிடுவதும் அவர் இசையைத்தான். அந்த கேமின் பெரும்பகுதியில் இசை அழகான திரைச்சீலையாக மட்டுமே இருக்கிறது. இடம் வாங்கித் தருவது ஓபரா காட்சி. படைத்தளபதியாக இருந்த செலஸ் என்ற பெண், ஒரு பாடகிக்குப் பதிலாக மேடையேற வேண்டும். மேடைக்குப் பின்னால் வசனத்தை நாம் படித்து மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். மேடையில் இசை நகர நகர, அடுத்த வரி எது என்று சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். தப்பினால் காட்சி கெட்டுவிடும். அந்த கேம் ஓடிய சூப்பர் ஃபேமிகாமின் ஒலி சிப்புக்கு 64 கிலோபைட் நினைவகம், ஒரே நேரத்தில் எட்டுக் குரல்கள். மனிதக் குரலை ஓடவிட வழியில்லை. அதனால் குரல் மாதிரி இழைகிற ஒரு செயற்கை ஒலி பாடும், வரிகள் திரையில் எழுத்தாக வரும். பாடகியின் பதற்றம் முழுக்க நம் கட்டைவிரலில்.

நான்காவது இடத்தில் இருப்பதை இன்று அதிகம் பேர் விளையாடியிருக்க மாட்டார்கள்: லூகாஸ்ஆர்ட்ஸின் 'மங்கி ஐலண்ட் 2' (1991). சினிமாவுக்குப் பின்னணி இசை போடுபவருக்குக் காட்சி எத்தனை நொடி என்று தெரியும். கேமுக்குப் போடுபவருக்குத் தெரியாது. ஒரு கதவைத் திறக்க ஒருவர் பத்து நொடி எடுப்பார். இன்னொருவர் சாப்பிட்டுவிட்டு வந்து திறப்பார். சாமி புறப்பாட்டில் நாதஸ்வரக்காரருக்கு உள்ள அதே பாடு. தெருமுனையில் சாமி எவ்வளவு நேரம் நிற்கும் என்பது அவர் கையில் இல்லை. நிற்கும்வரை ராகத்தை வளர்த்துக்கொண்டே போக வேண்டும். நகர்ந்ததும், கேட்பவர்களுக்கு உறுத்தாமல் அடுத்ததற்குத் தாவ வேண்டும். அவருக்காவது பார்க்கக் கண் இருக்கிறது. அன்றைய கணினி, காட்சி மாறினால் ஓடுகிற மெட்டைப் பாதியில் வெட்டிவிட்டு அடுத்ததை முதலிலிருந்து தொடங்கும்.

மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்கானல் என்ற இருவர் 'ஐம்யூஸ்' என்ற முறையை உருவாக்கி அந்தக் கண்ணைக் கொடுத்தார்கள். உடைந்த கப்பல்களை ஒட்டிக் கட்டிய வுட்டிக் என்ற ஊரில் அதைக் கேட்கலாம். ஊருக்கு ஒரு மெட்டு. ஒரு கப்பலுக்குள் நுழைந்தால் அதே மெட்டு, தாளம் அறுபடாமல், வேறு வாத்தியத்துக்குக் கைமாறும். வெளியே வந்தால், தோதான இடம் வரும்வரை காத்திருந்து ஊர் மெட்டோடு சேரும். இசைக்காகவே அந்த ஊரில் வெட்டியாகக் கதவு கதவாக ஏறி இறங்கியிருக்கிறேன். பின்னால் வந்தவர்கள் எல்லாருக்கும் இது பாலபாடம். 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன்' (2010) கேமின் இசையை பில் எல்மும் வுடி ஜாக்சனும் பெரும்பாலும் ஒரே சுருதியில், நிமிடத்துக்கு 130 தட்டு என்ற ஒரே வேகத்தில் பதிவுசெய்தார்கள். எந்தத் துண்டை எதன்மேல் எப்போது அடுக்கினாலும் பிசிறடிக்கக் கூடாது என்பதுதான் காரணம். குதிரை ஏறினால் ஒரு அடுக்கு சேரும். துப்பாக்கி வெடித்தால் இன்னொன்று.

மூன்றாவது, 'ஷேடோ ஆஃப் தி கொலாசஸ்' (2005). இறந்துபோன ஒரு பெண்ணை உயிர்ப்பிக்க, ஓர் இளைஞன் 16 பூதாகாரமான உருவங்களைத் தேடிக் கொல்ல வேண்டும். ஃபுமிட்டோ உயேடா இயக்கிய இந்த கேமின் இசை கோ ஒட்டானியுடையது. வெட்டவெளியில் குதிரையில் போகும்போது இசையே கிடையாது, குளம்பொலியும் காற்றும்தான். வேறு எந்த கேமாக இருந்தாலும் அந்த இடத்தில் வயலின்களை இறக்கியிருப்பார்கள். உருவத்தைக் கண்டதும் மிரட்டலாக ஒரு இசை. அதன் ரோமத்தைப் பிடித்துத் தொற்றி ஏறிவிட்டால் இசை நிமிர்ந்து வீர இசையாகிறது. பிடியை விடாமல் பொத்தானை அழுத்தியபடியே இருக்க வேண்டும். விரல் வலிக்கும். வலிக்க வலிக்க இசையும் ஏறும். கடைசிக் குத்து விழுந்ததும் வெற்றி முழக்கத்துக்குக் காத்திருக்கிற காதில் ஒப்பாரி விழுகிறது. தன்பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்த ஒன்று சரிந்து விழுகிறது, குத்தியது நாம். பாராட்டை எதிர்பார்க்கும் விளையாட்டுக்காரனைப் பார்த்து 'என்ன காரியம் செய்தாய்' என்று ஒரு இசை கேட்பதை நான் வேறெங்கும் அனுபவித்ததில்லை. ஆல்பத்தில் அது வெறும் சோக இசை. குற்றம் செய்த கை இருந்தால்தான் அதற்கு முழுப் பொருள் வருகிறது.

இரண்டாவது இடம் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' (1985). தொண்ணூறுகளில் 'டிவி கேம்' பெட்டியும், நூற்றுக்கணக்கான கேம் இருப்பதாகப் பொய் சொல்லும் கேசட்டும் புழங்கிய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த மெட்டைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். சொல்ல இருக்கிறது. மொத்த கேமும் 40 கிலோபைட். ஒலி சிப்பில் மொத்தம் ஐந்து பாதைகள். மெட்டுப் போட உதவுபவை மூன்று. மரியோ தாவும் ஒலிக்கோ காசு எடுக்கும் ஒலிக்கோ தனிப் பாதை கிடையாது. இசைக்குரிய ஒரு பாதையை அந்தக் கணத்துக்குப் பிடுங்கிக்கொண்டுதான் அவை ஒலிக்கும். ஒவ்வொரு தாவலிலும் பாட்டிலிருந்து ஒரு குரல் ஒரு நொடி காணாமல்போய்த் திரும்புகிறது. ஆக, நீங்கள் கேட்ட மரியோ பாட்டும் உங்கள் தம்பி கேட்ட மரியோ பாட்டும் ஒன்றல்ல. எங்கே தாவினீர்களோ அங்கே ஓட்டை. கோஜி கொண்டோ போட்ட மெட்டு இத்தனை துள்ளலாக இருப்பதால், ஓட்டைகூடத் தாளக்கட்டுபோலத் தோன்றுகிறது.

நேரம் நூறுக்குக் கீழே இறங்கியதும் அதே மெட்டு வேகமெடுக்கும். யாரும் 'சீக்கிரம்' என்று எழுதிக் காட்ட வேண்டியதில்லை. இந்த வித்தையின் தகப்பன் 1978இல் வந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்'. டோமோஹிரோ நிஷிகாடோ அதில் வைத்தது வெறும் நான்கு கீழிறங்கும் சுரங்கள், திரும்பத் திரும்ப. தொடக்கத்தில் 55 எதிரிகள். சுடச் சுட, வரைய வேண்டிய உருவங்கள் குறைவதால் சிப்பின் பளு குறைந்து, மிச்சமுள்ளவை தாமாகவே வேகம் பிடித்தன. அதை அவர் திருத்தாமல் விட்டார். அந்த நான்கு சுரமும் கூடவே வேகமெடுக்கும். நன்றாக விளையாடுகிறவருக்கு நெஞ்சு அதிகம் அடித்துக்கொள்ளும். இசையமைப்பாளர் என்று யாரும் இல்லாமலே கேம் இசையின் முதல் பாடம் எழுதப்பட்டுவிட்டது.

மரியோ மெட்டை 2023இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்த்தது. அங்கே இடம்பிடித்த முதல் கேம் இசை அதுதான். 2025இல் 'மைன்கிராஃப்ட்'டின் முதல் ஆல்பமும் சேர்ந்தது. வரவேற்க வேண்டியதே. ஆனால், பதிவேட்டுக்குள் போனது ஓட்டை இல்லாத பாட்டு.

முதலிடம் 'அவுட்டர் வைல்ட்ஸ்' (2019). தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் பீச்சமின் முதுகலை ஆய்வுப் பணியாகத் தொடங்கி வளர்ந்த கேம். இசை ஆண்ட்ரூ பிராலோ. ஒரு குட்டிச் சூரியக் குடும்பம். 22 நிமிடத்தில் சூரியன் வெடிக்கும், எல்லாம் அழியும், மறுபடி முதலிலிருந்து விழிப்போம். சண்டை இல்லை, மதிப்பெண் இல்லை. எங்கே என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வதுதான் விளையாட்டு.

நம் ஊரிலிருந்து முன்பே கிளம்பிப்போன பயணிகள் ஆளுக்கொரு திசையில் இருக்கிறார்கள். ஒருவர் பாஞ்சோ வாசிக்கிறார், ஒருவர் புல்லாங்குழல், ஒருவர் தாளம், ஒருவர் ஹார்மோனிகா. நிலாவில் இருப்பவர் சீட்டியடிக்கிறார். நம்மிடம் ஒலியைத் துழாவும் ஒரு கருவி உண்டு. வானத்தில் திருப்பினால், தூரத்துக் கோளிலிருந்து மெலிதாக பாஞ்சோ கேட்கும். அந்த ஒலியைப் பிடித்துக்கொண்டே போனால் ஆள் கிடைப்பார். இங்கே இசைதான் வரைபடம். காதைப் பொத்திக்கொண்டு விளையாடினால் ஹார்மோனிகாக்காரரைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. அவர் இருக்கும் இடம் அப்படி. கிரகங்களை விட்டு வெகுதூரம் விலகி, எல்லாம் ஒரே பக்கமாக வரும்படி நின்று கருவியைத் திருப்பினால், தனித்தனியாகக் கேட்ட துண்டுகள் ஒரே பாட்டாகச் சேர்கின்றன. ஒருவர் வாசிப்பது மற்றவருக்குக் கேட்காது. சேர்ந்து கேட்பது, அந்த இடத்தில் நிற்கிற நமக்கு மட்டும்.

வெடிப்புக்கு ஒன்றரை நிமிடம் போல இருக்கையில் இன்னொரு இசை, எந்த அறிவிப்பும் இல்லாமல், மெல்ல நுழையும். முதல் தடவை அது என்னவென்றே புரியாது. பிறகு, அது கேட்ட நொடியிலேயே கை முடிவெடுக்கத் தொடங்கிவிடும்: கையிலிருக்கும் கல்வெட்டைப் படித்து முடிப்பதா, அடுத்த அறைக்கு ஓடுவதா, சும்மா நின்று சூரியனைப் பார்ப்பதா? நான் பல தடவை மூன்றாவதைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். விளையாட்டின் கணக்கில் அது வீண். அந்த இசை பயமுறுத்தாததால் வந்த வினை. மரியோவில் வேகமெடுக்கும் மெட்டு விரட்டுகிறது. இது போதும் என்கிறது. கெடு முடிவதைச் சொல்ல வேண்டிய ஒரே வேலைக்கு இரண்டு இசையமைப்பாளர்கள் நேரெதிர் வழியில் போயிருக்கிறார்கள். மயிரிழையில் பிராலோ பக்கம் என் ஓட்டு.

பயணிகளின் வாத்தியங்களுக்குக் கடைசியில் என்ன ஆகிறது என்பதை எழுத மாட்டேன். கணினி, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச் எல்லாவற்றிலும் இந்த கேம் கிடைக்கிறது. ஆல்பத்தை மட்டும் முதலில் கேட்டுவிடாதீர்கள்.